ஆறு கிண்ணங்களும் சின்ன வெங்காயமும்

அம்மாவுக்கு வாசனை போய்விட்டது என்பது ஒரு கருகிய வாணலியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மலைமேல் வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்க் கூட்டத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு ஆய்வக வேலை. ரத்தம், சளி, சிறுநீர். குடியிருப்பும் அதே வளாகத்தில்தான். அடிவாரத்தில் தனியாக இருந்த அம்மாவுக்கு ஐப்பசியில் கடுமையான காய்ச்சல் வந்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மலைக்கு அழைத்து வந்திருந்தேன். காய்ச்சல் விட்ட நான்காம் நாள், ஆய்வகத்துச் சன்னல் வழியாகக் கருகல் நெடி வந்தது. கையுறையைக் கழற்றாமலே ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். முகம் வெளியே பார்த்திருந்தது, கை மட்டும் கரண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. வாணலியில் வெங்காயம் கரியாகிக் கிடந்தது. அறை முழுக்கப் புகை.

"பனிதான் உள்ள வந்துருச்சுன்னு நெனச்சேன் கண்ணு" என்றாள்.

இங்கே அந்த மாதத்தில் பனி சமையலறைக்குள் வருவது உண்மைதான். அதனால் அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. வாணலியை எடுத்து வெளியே வைத்தேன். அதைக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "நாத்தமே இல்லியே" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது.

அம்மா அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் செய்துவந்தாள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவள் சேர்ந்த வேலை. சாம்பாரை அவள் வாயில் வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. மூடியைத் திறப்பாள், ஆவியில் முகத்தைக் காட்டுவாள், "உப்புப் பத்தலை" என்பாள். உப்புக்கு வாசனை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நான் அவளிடம் வாதாடியிருக்கிறேன். வாதத்தில் நான் ஜெயித்தேன். உப்பு ஒருநாளும் தப்பியதில்லை.

எங்கள் டாக்டர் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் நான்கைந்து பொருள்களை மோந்து பார்த்து மூக்குக்குப் பழக்கம் கொடுக்கச் சொன்னார். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஸ்கூலுக்கு எப்பங்க போலாம்?"

"வாசம் தெரிஞ்சதுக்கப்புறம் போங்கம்மா. கருகுனாக்கூடத் தெரியாம எப்படிச் சமைப்பீங்க?"

பத்து நாள் மாதங்களாக நீண்டது. அம்மா லீவு எழுதிக் கொடுத்தாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் தெரிந்தது. நெய், ரசம், கறிவேப்பிலை, மழை பெய்த மண், துவைத்த துணி, எதுவும் இல்லை. பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் குச்சிக்கிழங்கு வேகவைத்து, தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயமும் மிளகாயும் வைத்திருந்தேன். ஒரு வெங்காயத்தை முழுசாகக் கடித்த அம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது தெரியுது கண்ணு."

அன்று நான்கு வெங்காயமும் இரண்டு துண்டுக் கிழங்கும் சாப்பிட்டாள். அடுத்த வாரமே பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய் விதைக்கு ஐந்து கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வந்தேன்.

குடியிருப்புக்குப் பின்னால் மூன்று பாத்தி அளவுக்கு இடம். கல் பொறுக்கினேன், தொழுவுரம் போட்டேன், தண்ணீர் தேங்காமல் இருக்கக் கரை உயர்த்தினேன். கரையின் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளியில் வெங்காயத்தை ஊன்றினேன், மூக்கு மேலே தெரியும்படி. அடுத்த தோட்டத்தில் மிளகுக் கொடியைப் பார்க்க வந்த அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்தார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ஏனுங் அம்மணி, ஸ்கேலு வெச்சு நடறீங்களாட்டம் இருக்குது?"

"கையளவுதானுங்க்கா."

"வெங்காயத்துக்கு வெயிலு வேணுமுங்க. நம்மூரு வெயிலு வளப்பூரு பஸ்ஸாட்டம். வந்தாத்தான் வந்துது."

அம்மா வாசற்படியிலிருந்து சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "வராட்டி என்னங்க, தாளைப் பொரிச்சுத் தின்னுட்டுப் போறோம்!"

அந்த மாதங்களில் அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் தாள் எழுந்தது. பிறகு பதினோரு நாள் தொடர்ந்து பனி. தாளின் நுனி வெளுத்தது, சில செடிகள் கோழிக்கால் போலத் திருகிக்கொண்டன. திருகியதைப் பிடுங்கி எரித்தேன். மூன்றாவது பாத்தி முழுசாகப் போயிற்று. மற்ற இரண்டில் மிஞ்சியதைப் பங்குனிக் கடைசியில், தாள் சாய்ந்து கழுத்து காய்ந்ததும் எடுத்தோம். போட்ட ஐந்து கிலோவுக்குப் பதினாறு கிலோ வந்தது. அடிவாரத்து விவசாயி கேட்டால் சிரிப்பார். எங்களுக்குப் போதும்.

அந்த வெங்காயம் சிறிது, நல்ல சிவப்பு, அடிநாக்கில் ஏறும் காரம். காலையில் பழைய சோற்றுக்கு இரண்டு, மதியம் சாமைச் சோற்றோடு புளிக்குழம்பில் ஒரு கை, சாயங்காலம் தணலில் சுட்டு உப்புத் தொட்டு. சுட்ட வெங்காயம் எனக்குத்தான் பிடித்தது. மேல்தோல் கரிந்து, உள்ளே வெல்லப்பாகு போல ஆகிவிடும். அம்மா அதை ஒரு வாய் தின்றுவிட்டு என் பக்கம் தள்ளுவாள். அவளுக்குப் பச்சையாகத்தான் வேண்டும். அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியைத்தான் முதலில் கருவியில் போடுவேன். கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க. கண்ட்ரோல் என்போம். அது சரியாக வராமல் ஒரு நோயாளியின் ரத்தத்தையும் தொடமாட்டேன்.

வீட்டில் ஆறு கிண்ணம் வைத்தேன். நறுக்கிய வெங்காயம், கற்பூரம், மிளகுத்தூள், காபித்தூள், பெருங்காயம், கொத்தமல்லித் தழை. ஞாயிறுதோறும் அம்மாவின் கண்ணைத் துண்டால் கட்டி, வரிசையை மாற்றி மாற்றி மூக்கருகே காட்டுவேன். அவள் சொல்வதைத் தேதி போட்டு எழுதுவேன்.

முதல் ஞாயிறே வெங்காயத்தை உடனே சொல்லிவிட்டாள். கிண்ணம் மூக்குக்குப் போகுமுன்பே சொன்னாள். அடுத்த வாரம் கற்பூரம். அதற்கடுத்த வாரம் மிளகு, ஒரு தும்மலோடு. சித்திரை முடிவதற்குள் ஆறில் நான்கு, வைகாசியில் ஆறில் ஐந்து. ஒரு வாரம் ஆறும் சரி. வாரங்களைக் கீழேயும் விடைகளைப் பக்கவாட்டிலும் குறித்து ஒரு கோடு வரைந்தேன். ஏறிக்கொண்டே போன கோடு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, நல்லா வந்துருக்கு" என்றார்.

"அப்ப போலாமா கண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். டாக்டரைக் கேட்கவில்லை.

"போம்மா. உனக்குச் சரியாயிருச்சு."

இதைச் சொன்னது நான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

பள்ளி திறந்த வாரம் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டேன். இரண்டு கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். புளிசாதம் நன்றாக வந்தது, பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டார்கள் என்பாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான்காம் வாரம் ஒரு வியாழக்கிழமை போன் வரவில்லை. மறுநாள் மதியப் பஸ்ஸில் அம்மாவே வந்து இறங்கினாள். கையில் துணிப்பை. அவளுடைய கரண்டியும் அதில் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கென்று அவளே வாங்கி வைத்திருந்த நீளக் கரண்டி.

வந்து நெடுநேரம் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு, சொன்னாள். சாம்பார் அடிபிடித்திருக்கிறது. அண்டாவின் அடியில் பருப்பு கரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. பரிமாறுமுன் ருசி பார்க்க வந்த டீச்சர் ஒரு வாய் வைத்துவிட்டு அவளைப் பார்த்திருக்கிறார்.

"என்னங்க்கா, அடிபிடிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"நீங்களே மோந்து பாருங்கக்கா."

அம்மா கரண்டியில் எடுத்து மோந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்களே இருக்குது" என்றிருக்கிறாள்.

அப்போது வரிசையில் தட்டோடு நின்ற ஒரு சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, தீஞ்ச வாசம் அடிக்குது" என்று சொல்லியிருக்கிறது. திட்டுவதாக இல்லை, தெரியாதவருக்குச் சொல்லித் தருவது போலச் சொல்லியதாம். அந்த டீச்சர் நல்லவர். அடுப்பில் புதிதாக ரசம் வைக்கச் சொன்னார், யாருக்கும் புகார் எழுதவில்லை. அம்மாதான் சாயங்காலம் தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, உடம்புக்கு முடியவில்லை, நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"யாரும் போகச் சொல்லலியே அம்மா."

"சொல்ற வரைக்கும் நிக்கோணுமா?"

அன்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை புரிவதற்கு. மூன்றாம் வாரத்திலிருந்து தவறாமல் சரியாக இருந்தவை மூன்று. வெங்காயம், கற்பூரம், மிளகு. வெங்காயம் கண்ணில் எரியும். கற்பூரம் மூக்குக்குள் குளிரும். மிளகு உறுத்தும். எரிச்சலையும் குளிர்ச்சியையும் கொண்டுபோகும் நரம்பு வேறு, வாசனையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. தேர்வுக்காக நான் படித்த பாடம்தான் அது. மீதி மூன்று கிண்ணத்தில் என்னென்ன இருக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும், ஏனென்றால் ஆறையும் நான் ஒருநாளும் மாற்றவில்லை. மூன்றில் ஒன்றை ஊகிக்க மூக்கு வேண்டியதில்லை. வெறும் கிண்ணம் ஒன்றைக்கூட இடையில் நீட்டிப் பார்க்கவில்லை. ஒரு நோயாளியின் ரத்தத்துக்குச் செய்யாத தவறை அம்மாவுக்குச் செய்தேன்.

அவளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"துண்டுக்குள்ள கண்ணு எரியும். அதை வெச்சுத்தான் சொன்னேன்" என்றாள்.

"தெரிஞ்சேவா?"

உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "மூக்குல என்னமோ ஏறுச்சு கண்ணு. அதுதான் வாசமாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நீயும் சரின்னு எழுதுனயா... நானும் சரின்னு இருந்துட்டேன்."

என் மேல் அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆடியில் மீதியிருந்த வெங்காயத்திலிருந்து விதைக்குப் பிரித்து இரண்டு பாத்தி போட்டோம். இந்தத் தடவை அம்மாவும் ஊன்றினாள். அக்கா வேலியோரம் வந்து நின்று, "மழ வருதுங்க, கரைய இன்னுங் கொஞ்சம் ஒசத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேலி செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா தானாகவே துண்டை எடுத்துவந்தாள்.

"டெஸ்டு வெக்கலியா?"

வைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய்ப் பத்துப் பதினைந்து வெங்காயத்தை உரித்து, கடலை எண்ணெயில் நிதானமாக வதக்கினேன். பச்சைக் காரம் போகும் வரை, பொன்னிறம் வரும் வரை. வீடு முழுக்க அந்த வாசனை. வெளியே மருந்து வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறவைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்தேன். இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர்.

முதலில் தண்ணீரைக் காட்டினேன். "ஒண்ணுமில்ல" என்றாள். நோட்டில் எழுதினேன்.

பிறகு வெங்காயம். அம்மா இழுத்து மோந்தாள். கிண்ணத்தைத் தானே பிடித்துக்கொண்டு மறுபடியும் மோந்தாள். மூன்றாம் தரம் மோந்தபோது மூக்கு கிட்டத்தட்ட வெங்காயத்தைத் தொட்டது.

"இதுவும் தண்ணிதானே கண்ணு?"

"இல்லம்மா."

அவள் துண்டை அவிழ்க்கவில்லை. விரலால் கிண்ணத்தைத் தடவி, ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"வெங்காயமா?"

"ஆமாம்மா."

"நல்லா வதங்கியிருக்குது" என்றாள். "எழுதிக்க."

தேதிக்கு நேரே, அந்தக் கட்டத்தில், இல்லை என்று எழுதினேன்.