முழங்கால் பள்ளம்

ஒற்றை வாளியோடு தொடங்கி மூன்று சலவைக்கடை வைத்தவர் பெரியவர். தன் கைக்குப் போகாத கறையே இல்லை என்று மார்தட்டுவார். மனைவி கட்டிக்கொண்டு தூங்கிய நீளத் தலையணையை மட்டும், அவள் இறந்த பிறகு, யாரையும் தொடவிடவில்லை.

“வாடை குடலைப் புடுங்குதுப்பா. ஊர்த் துணியெல்லாம் வெளுக்குறீங்க, இது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் மகள்.

“உங்கம்மா இருந்தா இப்படிப் பேசுவியா?”

“அம்மா இருந்தா எப்பவோ துவைச்சிருப்பாங்க.”

பெரியவர் உறையைக் கழற்றித் துவைத்தார். தலையணையை மொட்டைமாடி வெயிலில் போட்டு, கட்டிதட்டிய பஞ்சைத் தட்டித் தட்டி உதிர்த்தார். மனைவியின் முழங்கால் அழுந்திய பள்ளத்தில் கை நின்றுவிட்டது.

“அங்கயும் தட்டுங்கப்பா.”

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? அது அப்படியே இருக்கட்டும்.”

அன்றிரவு அந்தப் பள்ளத்தில் தன் முழங்காலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை, அவளுடையது சின்ன முழங்கால்.