கிடாரிக்கு ஒரு காரணம்

ஒரு கிடாரி பருவத்துக்கு வராமல் போனதற்குத் தீனி வைக்கும் பெண்ணின் ராசிதான் காரணம் என்று யாராவது சொன்னால், நீங்கள் சிரிப்பீர்களா, தலையாட்டுவீர்களா?

அந்தப் பால் பண்ணை வீட்டில் தலையாட்டினார்கள். சாணி அள்ளுவது, மடி கழுவிக் கறப்பது, ஈன முடியாமல் தவிக்கும் மாட்டிடமிருந்து கன்றை இழுத்துப் போடுவது என்று கொட்டகையே மருமகள் கையில்தான் ஓடியது. அவளுக்குப் பிள்ளை இல்லை. இப்போது அவள் செல்லமாக வளர்த்த செவலைக் கிடாரியும், தன் வயதுக் கிடாரிகள் எல்லாம் சினையாகி நிற்க, ஒருமுறைகூடக் காளை தேடிக் கத்தவில்லை.

மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டாள். செவலை மலடு என்று டாக்டர் சொன்னால், மருமகள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அண்ணனுக்குப் போனும் போட்டாயிற்று.

மாட்டு டாக்டர் உறை போட்ட கையை உள்ளே விட்டுத் துழாவினார். செவலை அசையாமல் நின்றது. மருமகள் அதன் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"கருப்பையே வளரலை. இது சினை பிடிக்காது."

மாமியார் வாசலைக் காட்டிக் கையை நீட்டினாள்.

டாக்டர் அதோடு விடவில்லை. கூடப் பிறந்தது உண்டா என்று கேட்டார். உண்டு, காளைக்கன்று; ஒரே ஈற்றில் ரெண்டு, வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று மாமியாரே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வினையே அதுதான் என்றார் டாக்டர். வயிற்றில் இரண்டுக்கும் ரத்தம் கலந்து ஓடும்; காளைக்கன்றின் ஹார்மோன் சுரப்பு கிடாரியின் கருப்பையை வளரவிடாது. இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பெரும்பாலானவை மலடுதான். தீனி வைத்த கைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"சரி, மாட்டுக்கு ஒரு காரணம் இருக்கு. இவளுக்கு?" என்றாள் மாமியார்.

மருமகள் கயிற்றை விட்டாள். "எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு அத்தை. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. உங்க பிள்ளைக்கு எடுத்தீங்களா?"

"ஆம்பளைக்கு என்னடி டெஸ்டு?"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "சினை ஊசிக்கு எடுக்கிற காளை விந்தையே மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுத்தாம்மா அனுப்பறாங்க."

வாசலில் அண்ணனின் வண்டி வந்து நின்றது. தீவனத் தொட்டியருகே தலை குனிந்து நின்ற கணவன் மனைவியைப் பார்த்து மெல்ல வாய் திறந்தான். "மச்சானைத் திரும்பிப் போகச் சொல்லு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வர்றேன்."

"ஊர் சிரிக்கும்டா."

"இத்தனை நாளா இவளைப் பாத்துச் சிரிச்சுதேம்மா."

இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருஷம் பிடித்தது. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இந்தப் பேச்சை வாங்கிக்கொண்டிருந்தால், அவள் வாய் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.