யாருடைய நாடி

அந்த நர்சிங் பள்ளியில் தேர்வு இல்லாத வாரமே கிடையாது. சனிக்கிழமை எழுத்துத் தேர்வு, புதன்கிழமை வார்டில் செய்முறைத் தேர்வு. செய்முறையில் நான் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டிருந்தேன். இன்னொரு முறை தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரக்பூர் ரயிலேற வேண்டியதுதான். "நர்ஸ் படிப்பெல்லாம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்ல அப்பா அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் காத்திருந்தார். மாப்பிள்ளை வேறு பார்த்து வைத்திருந்தார்.

நாடி பார்த்துப் பழக எல்லோரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். வகுப்பில் இருபத்தொரு பேர், மிஞ்சியவள் நான். வங்காளப் பெண்கள் தங்களுக்குள், மலையாளப் பெண்கள் தங்களுக்குள்; தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். யாரிடமாவது போய்க் கையைக் கொடு என்று கேட்டிருக்கலாம். எனக்கு ரோஷம் அதிகம், கேட்கவில்லை. சாயங்காலம் லோட்ஷெடிங் என்று கரண்ட் போனதும் அவர்கள் விடுதி வராந்தாவில் கூடிச் சிரிப்பார்கள். நான் மெழுகுவத்தியை ஏற்றி, கட்டிலில் உட்கார்ந்து, என் கையையே பிடித்து எண்ணுவேன். மூன்று விரல்களை வைக்க வேண்டும் என்று டியூட்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் கட்டை விரலில்தான் துடிப்பு நன்றாகத் தெரிந்தது. கணக்கும் சரியாக வந்தது.

புதன்கிழமை எனக்குக் கிடைத்தவர் ஒரு வங்காளப் பாட்டியம்மா. பயத்தில் எனக்கு நெஞ்சு படபடத்தது. எண்ணி, நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன். டியூட்டர் அதே கையைப் பிடித்து எண்ணினார். எழுபது.

"கட்டை விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு. நீ எண்ணியது உன் நாடி" என்றார் ஆங்கிலத்தில். "யார் கையில் பழகினாய்?"

"என் கையில்தான்."

என் கையில் எந்த விரலை வைத்தாலும் ஒரே இதயம்தானே, தப்பு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் திட்டவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை. வேறொருவர் கையில் பழகிவிட்டுத் திங்கட்கிழமை வா, அதுதான் கடைசி என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறை வாசலில் போய் நின்றேன். வங்காளப் பெண் ஒருத்தி தலை சீவிக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். அவள் சீப்பை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கை கதகதப்பாக இருந்தது. மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். எழுபத்தாறு. விடுதிக்கு வந்து எட்டு மாதத்தில் அங்கே நான் பிடித்த முதல் கை அது.

"எத்தனை?" என்றாள்.

கணக்குத் தவறிவிட்டது என்று பொய் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.