ஏடன் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

பிள்ளைகளே, வாசலில் இருக்கும் சட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் அப்பா நான் ஏன் கையைப் பிடித்துத் தடுக்கிறேன் என்று கேட்டீர்கள். சொல்லிவைக்கிறேன்.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தன. நானும் உங்கள் அம்மாவும் பட்டணத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. அம்மாவின் தம்பி, நீங்கள் பார்க்காமலே போன மாமா, கப்பலில் உலைக்குக் கரி தள்ளுகிறவன். அரபு நாட்டு ஏடன் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மலைச்சரிவில் பிடுங்கிய ஒரு செடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். முழங்கை உயரம், அடி மட்டும் பானைபோல் பருத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, செடிக்கு யானைக்கால் வந்துகீது, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்றார்.

திரும்பக் கப்பலேறும்போது தம்பி என்னிடம் சொன்னான்: "இது வவுத்துலயே தண்ணி வெச்சிகினு கீது மாமா. நீ மறந்துட்டாதான் பொழைக்கும்."

அம்மாவால் மறக்க முடியவில்லை. முருங்கைக்கும் பூசணிக்கும் மீன் கழுவின தண்ணீர் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். இதற்கும் தினம் ஊற்றினாள். நல்லதுதானே என்று நானும் தடுக்கவில்லை. தம்பியின் கடிதம் நின்றபிறகு இரண்டு வேளையும் ஊற்றினாள். செடி தழைத்தால் அவன் வந்துவிடுவான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். மழை மாதத்தில் இலைகள் கொட்டின. அடியை அழுத்திப் பார்த்தேன். அழுகின பழம்போல் விரல் உள்ளே போயிற்று.

செடியைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை அறுத்தேன். பாதி போய்விட்டது. வெட்டில் சாம்பல் அப்பி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"அவன் எங்க பட்டினி கெடக்கிறானோ. இங்க இத்தையும் பட்டினி போடுறியே" என்றாள் அம்மா. பிழைக்கும் என்று எனக்கு மட்டும் தெரியுமா?

பனி முடியும்வரை தொங்கியது. வெட்டு இறுகியபின் ஆற்று மணலும் செங்கல் பொடியும் போட்டு, இப்போது வாசலில் இருக்கும் இந்தச் சட்டியில் நட்டேன். பங்குனியில் ஒருநாள் காலை நுனியில் நெல்மணி அளவு பச்சை. அம்மாதான் முதலில் பார்த்தாள். உள்ளே போய், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பல மாதமாக நான் காணாத மலர்ந்த முகம் அது.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் நான் சட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன். ஈர மணலைக் கையாலேயே வழித்து எடுத்துவிட்டு, வேர் அசையாமல் காய்ந்த மணலைப் போட்டு, முன்பிருந்தபடியே மட்டம் செய்து வைத்தேன்.