வாயு எந்தப் பக்கம் போனது

எண்பதுகளின் நடுவில் நான் இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவரின் மகள். அம்மா நான் பள்ளியில் இருந்தபோதே இறந்துவிட்டார். அப்பாவும் லாரி ஓட்டும் அண்ணனும்தான் எனக்கு வீடு.

என் வேலை ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தைப் பற்றியது. அதன் நடுவிலிருந்த கருந்துளையைச் சுற்றி எக்ஸ்ரே கதிர்கள் கொட்டிக்கொண்டிருந்தன. காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடும் என்பதால், விண்ணில் சுற்றும் தொலைநோக்கியால்தான் பார்க்க முடியும். அது அனுப்பிய வரைபடத்தில், சக்தி குறைந்த கதிர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நடுவே ஏதோ வாயு அவற்றை உறிஞ்சியிருக்கிறது. அந்த வாயு அங்கேயே கிடக்கிறதா, உள்ளே விழுகிறதா, வெளியே பீறிட்டு ஓடுகிறதா? வெளியேதான் என்று நான் நம்பினேன். நிரூபிக்க அன்றைய கருவிகளுக்குக் கூர்மை போதவில்லை. இன்னொரு முறை நீண்ட நேரம் பார்த்து, பள்ளம் மாறியிருக்கிறதா என்று கண்டால் ஓரளவு சொல்லலாம் என்றார் என் பேராசிரியர். மன்றாடி அதற்கு அனுமதி வாங்கினோம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தொலைபேசியில் அழைத்தான். “அப்பாவுக்கு முடியலமா. ஈப்போ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. வந்துரு லா.”

நான் போன அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரல் முழுக்க வெள்ளை. அவர் நகர்ந்ததும் அப்பா கேட்டார்.

“நீ அங்க படிக்கிறதும் இந்த எக்ஸ்ரேதானா ஆயி?”

“ஆமாப்பா. இது வானத்துலேருந்து வர்றது.”

“அதுல யாருக்காச்சும் நோவு தீருமா?”

“இல்லப்பா.”

“சரி. எடுத்தத முடிச்சிரு.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பிவரத் தாமதமாகும் என்று சொல்ல, தொலைபேசி நிலையத்துக்குப் போய்ப் பேராசிரியரை அழைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அவசரப்பட வேண்டாம். தொலைநோக்கி கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. சீக்கிரம் கீழே விழுந்து எரிந்துவிடும்” என்றார். எங்கள் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வார்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான்.

“ஏன்மா மூஞ்சி இப்படி இருக்கு?”

“தொலைநோக்கி போச்சுண்ணே.”

“வேற ஒண்ணு இருக்கும்ல?”

“இன்னொண்ணு கட்டி அனுப்ப வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் எனக்கு யாரு சோறு போடுவா?”

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “அப்பாகிட்ட சொல்லாத. ஒன் படிப்ப நெனச்சுத்தான் மூச்ச புடிச்சிக்கிட்டு இருக்காரு.”

உள்ளே போய், “வேண்டியது கெடச்சிருச்சுப்பா” என்றேன். அப்பா பக்கத்துக் கட்டிலில் இருந்த கோலா கங்சார்க்காரரிடம், என் மகள் படித்து முடித்துவிட்டாள் என்று மலாய் மொழியில் சொன்னார். மூச்சு வாங்க, இரண்டு தடவை சொன்னார். அந்த வாரமே இறந்துபோனார். தோட்டத்து இடுகாட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

நான் இங்கிலாந்து திரும்பி ஆய்வேட்டை எழுதினேன். வாயு இருக்கிறது, திசை தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. பட்டம் கொடுத்தார்கள். வேலை யாரும் கொடுக்கவில்லை. ஈப்போவுக்கு வந்து இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியையானேன். வேறு நாட்டார் ஏவிய புதிய தொலைநோக்கியைப் பற்றிப் பத்திரிகையில் துண்டுச் செய்தி வந்தபோது, படிக்காமல் மடித்து வைத்தேன்.

அதற்குள் தோட்டம் கைமாறிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் பூ வாங்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனோம். ரப்பர் மரங்கள் இல்லை. புல்டோசர் மேடு பள்ளம் எல்லாவற்றையும் நிரவியிருந்தது. வரிசையாக எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள். “இங்கதான்” என்றான் அண்ணன். நாலடி நடந்து, “இல்ல, இங்க” என்றான். எனக்கும் தெரியவில்லை. பூவை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலும் வைத்துவிட்டு லாரியில் ஏறினோம்.