திட்டுவதற்கு ஓர் அக்கா

எனக்கு வாய் சும்மா இருக்காது. தாம்பரத்தில் இரண்டு துணிக்கடைகளில் வேலை போனது அதனால்தான். யாராவது மரியாதையில்லாமல் பேசினால் அதே சூட்டோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு பெருங்களத்தூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கால் சென்டர் வேலைக்கு இலவசப் பயிற்சி கொடுத்தார்கள். சேர்ந்தேன். ஆங்கிலம் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பொறுமை வரவில்லை. "யாரையாவது உங்களைத் திட்டச் சொல்லிக் கேட்டுப் பழகுங்க" என்றார் பயிற்சி கொடுத்த சார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன். கூடையை இறக்கி வைத்தார். கையையே போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டார்.

"இன்னாமே, ஒரு வாரமா என் போனு செத்துக் கெடக்குது, நீ சாரி சொல்றியா? இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீற?"

நான் பதிலுக்குக் கத்தினேன்.

"வேல பூட்ச்சி, போ" என்று சிரித்தார்.

அதன்பின் தினமும் மீன் விற்று முடித்ததும் வந்து, என்னைத் திட்டிவிட்டுப் போனார். கோபம் வருவது நிற்கவில்லை. ஆனால் அது குரலில் தெரியாமல் பேசப் பழகிவிட்டேன்.

நாவலூரில் ஒரு செல்போன் கம்பெனியின் கால் சென்டரில் வேலை கிடைத்தது. முதல் வாரமே ஒரு ஆள் வாய்க்கு வந்தபடி என்னைப் பேசினான். "சாரி சார்" என்று சொல்லி, அவன் பிரச்சினையைத் தீர்த்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

மறுநாள் அக்காவிடம் பெருமையாக அதைச் சொன்னேன். அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

"அவன் நம்பரு உன்னாண்ட கீதா?" என்றார்.