பேஸுக்குப் பட்டை

மட்டாஞ்சேரி ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா அடிக்கிற இசக்கிராஜாவுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பான். பிழைப்பு என்ன பிழைப்பு, அந்த இரண்டு மணி நேரம்தான் அவன் மனுஷனாக மூச்சு விடுவது. அதற்கும் வந்தது ஆபத்து.

பாட்டுக்காரர் ராமபத்ரனுக்கு எழுபது வயது. குரல் தேய்ந்துவிட்டது. ஒத்திகையைப் பாதியில் நிறுத்திச் சொன்னார்: "ராஜா, நீ விரலை நகர்த்தினா கம்பி கீச்சு கீச்சுன்னு கத்தறது. என் தொண்டைக்கு மேல ஏறிண்டு நிக்கறது. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துலயும் இப்படின்னா நீ வேண்டாம்ப்பா. உன் பேஸை ஷங்கர் கீபோர்டுல இடக்கையால வாசிச்சுப்பான்."

பேஸ் கம்பிமேல் சுற்றியிருக்கும் மெல்லிய இழை உருண்டையாக இருந்தால் சத்தம் பளிச்சென்று வரும், விரல் உரசினால் கீச்சிடும். தட்டையாக இருந்தால் வழுவழுவென்று, சத்தம் இருட்டாக அடங்கி வரும். திருநெல்வேலியில் கற்ற நாளிலிருந்து அவன் வாயில் முதலாவது உருட்டு, மற்றது பட்டை. பரோட்டாக் கல் முன்னால் நின்றபடியே வைட்டிலா வாத்தியக் கடைக்குப் போன் போட்டான். "பேஸுக்குப் பட்டை வேணும்."

வந்ததே பார்சல்! பிரித்தால், கிட்டாரைத் தோளில் மாட்டும் தோல் வார். மலையாளத்தில் பட்ட என்றால் வார் அல்லவா! இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சாயாவைக் குடித்து என்ன புண்ணியம்?

சனிக்கிழமை மதியம், தூக்கமும் போச்சு, கெஞ்சி வாங்கின லீவும் போச்சு என்று புலம்பிக்கொண்டே பஸ்ஸில் நின்றபடி வைட்டிலா போனான்.

"சேட்டன் பட்டயல்லே சோதிச்சது?" பட்டையைத்தானே கேட்டீர்கள் என்று கடைக்காரி தன்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தப்பு எம் மேலதாம்மா. தட்டைக் கம்பி காட்டு."

கடை கிட்டார்கள் இரண்டில் வாசித்துப் பார்த்தான். கறுப்பு நைலான் சுற்றியதில் சத்தம் ரொம்ப மழுங்கல். ஸ்டீல் பட்டையில் விரலை மேலும் கீழும் இழுத்தான். ஒரு முனகல்கூட இல்லை. ஆனால் கம்பி முறுக்கேறி விறைப்பாக நின்றது. மாவு பிசைந்து பிசைந்து ஓய்ந்த விரல் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று அதையே வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ராமபத்ரன் பாடிய பாட்டுக்குப் பந்தலே கை தட்டியது. அவர் நேராக ஷங்கரிடம் போய் முதுகில் தட்டினார். "உன் இடக்கை இன்னிக்குப் பிரமாதம்டா! என் குரல் எனக்கே கேட்டுது."

"இடக்கை மடியிலன்னா இருந்தது, ஸார். அது ராஜா அண்ணன் வாசிச்சது."

பெரியவர் திரும்பினார். இசக்கிராஜா ஸ்பீக்கர் பெட்டிமேல் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயா? நீ இருந்ததே தெரியலையேடா! இதைத்தான் நான் கேட்டேன். அடுத்த வாரம் ஆலுவா, வந்துடு."

வேலை தப்பியது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் இருந்ததே தெரியாமல் இருப்பதற்கா இந்தப் பாடு என்று வலிக்கிற விரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"வாரேன் சார்" என்றான்.